குறிகாட்டாத கிருமி

ஒரு நோயைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதன் குறிகுணங்கள் யாவை?" என்று முதலிற் கேட்பது நம்மவர் வழக்கம். பிழையான வழக்கமென்று அதனைக் கூறுவதற்கில்லை. செங்கமாரி கண்ணிலே மஞ்சளாய்த் தெரியும். கொப்புளிப்பான் மேனியெங்கும் முத்து முத்தாய்ப் போடும். நெருப்புக்காய்ச்சல் நாட்கணக்கில் உடலைக் கொதிக்க வைக்கும். குறியைக் கண்டு நோயை அறிவதும், நோயை அறிந்து மருந்தை நாடுவதும் தலைமுறை தலைமுறையாக நாம் கைக்கொண்டுவரும் ஒழுங்கு. ஆனால் இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்டிருக்கும் கிருமி அந்த ஒழுங்குக்கு அடங்காதது. அதன் குறிகுணங்களைக் கூறுமாறு கேட்போருக்கு நாம் முதலில் அளிக்கவேண்டிய விடை, 'பெரும்பாலும் ஒன்றுமே இல்லை' என்பதாகும்.

ஹியூமன் பப்பிலோமா வைரசு என்பது அதன் முழுப்பெயர். சுருக்கமாக எச்.பி.வி. என்பர். ஆறாந் தரத்திற் பயிலும் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஊசி போடப்போவதாக அறிவித்தல் வரும்போதுதான் பெற்றார் பலர் இப்பெயரை முதன்முதலாகக் கேள்விப்படுகின்றனர். கேள்விப்பட்டதும் அவர்களுக்கு ஐயங்கள் பல எழுகின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு? இந்நோய் எப்படி வரும்? வந்தால் எப்படித் தெரியும்? கடைசிக் கேள்விக்கு விடை கண்டால் முன்னிரண்டும் தாமே தெளிவாகும் என்பது எமது எண்ணம்.

உயிரியல் பயிலும் மாணவர்கள் தோலின் அமைப்பை அறிந்திருப்பர். நமது தோலும், வாய், தொண்டை, கருப்பைக் கழுத்து முதலிய இடங்களின் மென்சவ்வும் செங்கல் அடுக்கினாற்போலக் கலங்கள் அடுக்கடுக்காய் அமைந்தவை. அடித்தட்டிலே புதிய கலங்கள் பிறக்கின்றன. பிறந்தவை மெல்ல மெல்ல மேலெழுந்து, மேற்பரப்பை அடைந்து, உதிர்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத சிறு கீறலொன்றின் வழியாக இவ்வைரசு அடித்தட்டுக் கலத்துட் புகுந்துகொள்கின்றது. அங்கே அது ஆரவாரம் செய்வதில்லை. கலம் மேலே ஏறும்போது தானும் ஏறி, உச்சியை அண்டிய பின்னரே பல்கிப் பெருகி, உதிரும் கலங்களோடு வெளியேறுகின்றது. இரத்தத்தில் அது கலப்பதில்லை. தான் குடியிருக்கும் கலத்தை உடைத்துக்கொண்டு வெளிவருவதும் இல்லை. ஆதலின் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, நோவு இல்லை. உடலின் காவற்படைக்கு எச்சரிக்கை மணி அடிப்பதேயில்லை என்று கூறலாம். வீட்டுக்காரர் உறங்கும்போது ஓட்டைப் பிரித்திறங்கும் கள்வனைப் போலன்றி, விருந்தாளி வேடத்தில் வந்து தங்கிவிடும் கள்வனைப் போன்றது இது.

இவ்வைரசில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உள. அவற்றை விஞ்ஞானிகள் பெயரிட்டழையாது எண்ணிட்டே அழைக்கின்றனர். பெரும்பாலானவை தீங்கற்றவை. சிறுவர்களின் விரல்களிலும் முழங்காலிலும் தோன்றும் பாலுண்ணியும், உள்ளங்காலிற் புதைந்து நடக்கும்போது வலிக்கும் உண்ணியும் இவற்றுட் சில வகைகளின் வேலையே. அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவினால் பாலுண்ணி உதிரும் என்பார் நம் பாட்டிமார். தமிழ்நாட்டிற் சில கோயில்களில் இதற்கென உப்பும் மிளகும் இட்டு நேர்த்தி வைப்பதுண்டு. எதனைச் செய்தாலும், செய்யாது விட்டாலும், பிள்ளைகளின் பாலுண்ணி பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். அவர்களது நோயெதிர்ப்புச் சக்தி ஒருநாள் விழித்துக்கொண்டு கிருமியை இனங்கண்டு விரட்டிவிடுகின்றது என்பதே அதன் காரணம். இவ்வுண்மை பின்னர் நமக்கு வேண்டியிருக்கும். வாசகர்கள் இதனை மனத்திற் கொள்க.

கண்ணாற் காணக்கூடிய இன்னொரு குறி பிறப்புறுப்பில் எழும் பாலுண்ணி. இதனை உண்டாக்குபவை பெரும்பாலும் 6 ஆம், 11 ஆம் இலக்க வகைகள். பத்திலே ஒன்பது பங்கு இவ்விரண்டாலேயே வருவது. தொற்று ஏற்பட்டுச் சில வாரங்களின் பின்னரோ, பல மாதங்கள் கழித்தோ இது தோன்றலாம். தோலின் நிறத்திலோ சற்றுக் கறுத்தோ, சிறு முளைகளாகத் தொடங்கும். சில வேளை பல ஒன்று சேர்ந்து பூக்கோவாப் பூவின் தோற்றத்தைப் பெறும். ஆண் பெண் இருபாலாரிலும், குதவாயைச் சுற்றியும் காணப்படும். நோவு அரிது, சிலருக்கு அரிப்பும் ஈரக்கசிவும் இருக்கும். பார்ப்பதற்கு அருவருப்பாக இருப்பதாலும் இடத்தின் காரணத்தாலும் இதனைக் கண்டவர் நடுநடுங்கிப் போகின்றனர். 'புற்றுநோய் வந்துவிட்டது' என்று முடிவுகட்டி உறக்கமிழந்து தவிப்போரும் உளர். புற்றுநோயை விளைவிக்கும் வகைகள் வேறு, இவை வேறு. ஆயினும் வைத்தியரிடம் காட்டாது விடலாகாது. பறங்கிப் புண் எனப்படும் சிபிலிசு நோயிலும் இதையொத்த தட்டையான தடிப்புக்கள் தோன்றுவதுண்டு. இரண்டையும் வேறுபிரித்தறிவது வைத்தியருக்குரிய வேலை. கைவிரற் பாலுண்ணிக்குக் கடையில் விற்கும் எரிதிராவகத்தை அவ்விடத்திற் பூசுவதும், சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும் ஆறாப் புண்ணில் கொண்டுபோய் விடும். வைத்தியர் உறையக் குளிரூட்டியோ, அதற்குரிய பூச்சு மருந்தாலோ அகற்றுவார். அகற்றியபின் மீண்டும் முளைத்தாலும் மனந்தளர வேண்டியதில்லை. மருந்து நீக்குவது முளையை மாத்திரமே. கிருமியை நீக்குவது உடலின் பொறுப்பு.

இளைஞர் சிலர் ஆண்குறியின் தலைப்பைச் சுற்றி வரிசையாய்க் காணும் வெண்முத்துப் போன்ற மிகச் சிறு புடைப்புக்களைக் கண்டு இதுதானோ என்று அஞ்சுவதுண்டு. அவை இயற்கையாய் அமைந்தவை, எவருக்கும் தொற்றாதவை. கேட்க நாணி மறுகும் மாணவர்களுக்காகவே இதனைக் குறிப்பிட்டோம்.

இனிப் பெரிய ஆபத்துக்கு வருவோம். ஏறக்குறைய பதினான்கு வகைகள் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் ஆற்றலுடையவை. அவற்றுள்ளும் கொடியவை 16 ஆம், 18 ஆம் இலக்கத்தன. உலகில் ஏற்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் நூற்றுக்கு எழுபது பங்கு இவ்விரண்டின் விளைவே. இவை பாலுண்ணியைக்கூட உண்டாக்குவதில்லை. வந்ததும் தெரியாது, இருப்பதும் தெரியாது, பெரும்பாலும் போவதும் தெரியாது. உடலுறவில் ஈடுபடும் ஆண் பெண் அனைவருக்குமே வாழ்நாளில் ஒருகால் ஏதோவொரு வகை தொற்றியே தீரும் என்று சொல்லுமளவுக்கு இது பரந்துள்ளது. தொற்றியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரளவில், சிறுவரின் பாலுண்ணி மறைவது போலவே, இரண்டாண்டுகளுள் உடல் தானாகவே அதனை நீக்கிவிடுகின்றது. எஞ்சிய சிலரில் அது நிலைத்துவிடுகின்றது. அச்சிலரே நமது கவலைக்கு உரியவர். புகைபிடிப்போரும், எயிட்சு வைரசு முதலியவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியோரும் இக்கூட்டத்திற் சேரும் வாய்ப்பு அதிகம்.

நிலைத்துவிட்ட வைரசு, கலத்தின் பெருக்கத்துக்குக் கடிவாளமாய் உள்ள இரு புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றது. கடிவாளம் அறுந்த கலங்கள் உருமாறத் தொடங்குகின்றன. உருமாற்றம் புற்றுநோயாக முதிர்வதற்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் செல்லும். எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களில் ஐந்து முதல் பத்து ஆண்டுகளிலேயே நிகழலாம். இந்நெடுங்காலம் முழுவதும் பெண்ணுக்கு எவ்வித உணர்வும் இல்லை. சமைக்கிறாள், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புகிறாள், வேலைக்குப் போகிறாள். வலியில்லை, இரத்தமில்லை, களைப்புமில்லை. முழுதாய்க் குணப்படுத்தக்கூடிய காலமும் இதுவே என்பதை நினைக்கும்போதுதான் நம் மனம் துணுக்குறுகின்றது.

குறி தோன்றும்வரை காத்திருப்பதன் பொருள் யாது என்பதற்கு வைத்திய வரலாற்றில் பெயர்பெற்ற ஒருத்தியின் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரை அடுத்து வாழ்ந்த கறுப்பினப் பெண்மணி ஹென்றியேற்றா லாக்ஸ். தன் வயிற்றினுள் ஏதோ முடிச்சுப் போன்று இருப்பதாக உறவுப் பெண்களிடம் அவர் கூறியிருந்தார். 1950 செப்டம்பரில் ஐந்தாவது பிள்ளை பிறந்தது. பிரசவத்தின்போது எழுதிய வைத்தியக் குறிப்பிற் கருப்பைக் கழுத்தில் மாறுதல் எதுவும் கூறப்படவில்லை. பின்னர் மாதவிடாய்க் காலமல்லாத வேளையில் இரத்தம் கண்டது. தம் விரலால் தடவிப் பார்த்தபோது கடினமான கட்டியொன்று தட்டுப்பட்டது. 1951 ஜனவரியில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்குச் சென்றார். புற்றுநோய் என்று கண்டு ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்தனர். அதே ஆண்டு அக்டோபர் 4 ஆம் நாள், முப்பத்தொரு வயதில், அவர் உயிர் நீத்தார்.

அவரது கட்டியிலிருந்து அவரிடம் கேளாமலே எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடத்தில் அழியாது பெருகின. 'ஹீலா' என்னும் பெயரில் இன்றும் உலகெங்கும் ஆராய்ச்சிக்குப் பயன்படுகின்றன. கேளாமல் எடுத்தது முறையா என்ற வழக்கு தனியே எழுதத் தக்கது. இங்கே அதற்கு இடமில்லை. ஜெர்மனியில் ஹறால்ட் சுர் ஹவுசன் என்னும் அறிஞர், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் இந்த வைரசே என்று, பலர் வேறு கிருமியைச் சந்தேகித்துக்கொண்டிருந்த நாளில், விடாது வாதித்தவர். 1983 இல் 16 ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18 ஆம் வகையையும் அவரது குழுவினர் புற்றுநோய்க் கட்டிகளில் இனங்கண்டனர். ஹீலாக் கலங்களைச் சோதித்தபோது அவற்றுள்ளும் 18 ஆம் வகை இருந்தது. ஹென்றியேற்றாவின் உயிரைக் கவர்ந்தது எது என்பது அவர் இறந்து முப்பது ஆண்டுகளின் பின்னரே தெரியவந்தது. சுர் ஹவுசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே நாம் வெளியே காணக்கூடிய குறிகள் தொற்றின் குறிகளல்ல. புற்றுநோய் வேரூன்றியதன் குறிகள். அவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். பிந்திய குறியேனும் கண்டவுடன் நடந்தால் உயிரைக் காக்கக்கூடும். முதன்மையானது இரத்தம். ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் இடையிற் படுவது, உடலுறவின் பின்னர்ப் படுவது, மாதவிடாய் முற்றாக நின்ற பின்னர் மீண்டும் படுவது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பெண்ணும் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதே நம் குடும்பங்களில் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது. ஐம்பத்தைந்து, அறுபது வயதுத் தாய்மார், 'நின்றது திரும்ப வந்திருக்கிறது, உடம்புச் சூடாக்கும்' என்று எண்ணிக் குளிர்ச்சியான உணவுகளை உண்டு பார்ப்பர். மகளிடம் சொல்லக் கூச்சம். மருமகளிடம் சொல்ல அதனினும் கூச்சம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது திரும்பி வந்த மாதவிடாயாகாது. காரணம் சிறியதாகவும் இருக்கலாம். ஆனால் அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியரே.

வெள்ளை படுதல் பெண்கள் பலருக்கும் உள்ளது. பெரும்பாலும் வேறு எளிய காரணங்களால் வருவது. அது வழமைக்கு மாறாக மிகுந்து, நாற்றமெடுத்து, நீர்த்தோ இரத்தம் கலந்தோ தொடருமாயின் காட்டுதல் வேண்டும். இடுப்பிலும் அடிவயிற்றிலும் ஓயாத நோவு, ஒரு காலில் வீக்கம், உடல் மெலிவு, பசியின்மை ஆகியன இன்னும் பிந்திய நிலைக்குரியவை.

ஆண்களும் இக்கிருமிக்கு விலக்கானவரல்லர். அடிநாக்கிலும் தொண்டைச் சதையிலும் 16 ஆம் வகை புற்றுநோயைத் தோற்றுவிக்கலாம். விழுங்கும்போது ஒருபக்கமாய் மாறாத நோவு, கழுத்திலே நோவில்லாத கட்டி ஆகியன வாரக்கணக்கில் நீடித்தால் அசட்டை கூடாது. ஆயினும் நம் நாட்டில் வாய்ப் புற்றுநோயிற் பெரும்பங்கு வெற்றிலை, பாக்கு, புகையிலையின் கைங்கரியம் என்பதையும் சொல்லிவைக்கிறோம். வைரசின்மேற் பழியைப் போட்டுவிட்டு வெற்றிலைத் தட்டத்தை அருகே இழுத்துக்கொள்வது நேர்மையாகாது.

மருந்தைப் பற்றிப் பேசுமுன், குடும்பங்களில் இக்கிருமி மூட்டிவிடும் வேறொரு தீயைப் பற்றிக் கூறவேண்டும். பரிசோதனையில் எச்.பி.வி. உண்டென்று தெரியவந்ததும், 'இது எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி வீட்டில் எழுகின்றது. கணவன் மனைவியையும், மனைவி கணவனையும் ஐயுறுகின்றனர். பதினைந்து, இருபது ஆண்டு ஒழுங்காய் வாழ்ந்த இல்லறத்தில் ஒரு காகிதத் துண்டு பிளவை உண்டாக்குகின்றது. இக்கிருமி பல ஆண்டுகள் கண்டறிய முடியாத அளவில் ஒடுங்கிக் கிடந்து, பின் வெளிப்படக்கூடியது. எந்தப் பரிசோதனையும் அது எப்போது வந்தது என்றோ, யாரிடமிருந்து வந்தது என்றோ கூறாது, கூறவும் முடியாது. திருமணத்துக்கு முன் வந்ததாயிருக்கலாம்; இருபதாண்டுக்கு முன் வந்ததாயிருக்கலாம். வாழ்நாளில் ஒரே துணையை மாத்திரம் அறிந்த பெண்ணுக்கும் வரலாம். அதனைக் கொண்டு ஒருவரது ஒழுக்கத்தை அளக்கப் புகுவது, நிலத்தின் ஈரத்தைப் பார்த்து எந்த ஆண்டில் மழை பெய்தது என்று கூற முயல்வதற்கு ஒப்பாகும். முடிவைக் கையிற் கொடுக்கும் வைத்தியர்களும் தாதியரும் இவ்வொரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்வார்களாயின் எத்தனையோ வீடுகளிற் கண்ணீர் குறையும்.

குறிகாட்டாத நோயை அறிவது எங்ஙனம்? தேடிப்போய்ப் பார்ப்பதொன்றே வழி. அவ்வழியை முதலிற் காட்டியவர் கிரேக்க நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜோர்ஜ் பப்பனிக்கொலாவு. கருப்பைக் கழுத்திலிருந்து உதிரும் கலங்களைக் கண்ணாடித் துண்டிற் பூசி நுணுக்குக்காட்டியிற் பார்த்தால் புற்றுநோயை இனங்காணலாம் என்று 1928 இல் அவர் கூறியபோது கேட்டவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆண்டுக்கணக்காக அவரது ஆராய்ச்சிக்குத் தம் உடலிலிருந்து மாதிரி எடுக்க இடங்கொடுத்தவர் அவரது மனைவி அந்துரோமாக்கி அம்மையார். 1940களில் உலகம் அவரை ஏற்றுக்கொண்டது. அவர் பெயரின் முதலெழுத்துக்களே 'பப் பரிசோதனை' என்னும் பெயரில் இன்றும் நிலைத்துள்ளன.

ஆய்வுகூட வசதி குறைந்த இடங்களுக்கு இன்னும் எளிய முறையொன்றும் உண்டு. சமையலுக்குதவும் வினாகிரியின் சாரமாகிய அசற்றிக் அமிலத்தை நீர்த்த நிலையிற் கருப்பைக் கழுத்தில் தடவினால், உருமாறிய இடம் ஒரு நிமிடத்தில் வெண்மையாய்த் தெரியும். தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 ஆம் ஆண்டு தொடங்கி, பயிற்சி பெற்ற தாதியர் 30 முதல் 59 வயது வரையான கிராமத்துப் பெண்களை இம்முறையாற் பரிசோதித்தனர். வெண்மை கண்ட இடத்துக்கு அப்போதே சிகிச்சையும் அளிக்கப்பட்டது. பரிசோதனை நடைபெறாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, இப்பெண்களிடையே இப்புற்றுநோய் நூற்றுக்கு இருபத்தைந்து வீதமும், அதனால் நேரும் மரணம் முப்பத்தைந்து வீதமும் குறைந்திருந்தன. 2007 இல் இம்முடிவுகள் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தன. பெரிய இயந்திரங்களின்றி, அமிலமும் பஞ்சும் பயின்ற கண்களும் கொண்டு சாதித்த இச்செயலை நாம் பெரிதும் மதிக்கிறோம். வைரசின் மரபுப்பொருளையே நேராகத் தேடும் பரிசோதனை இப்போது உலகிற் பரவிவருகின்றது. இதற்கு வேண்டிய மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொடுக்கவும் இயலும். வெட்கத்தால் வைத்தியசாலைப் படி ஏறாதவர்களுக்கு இது பெரும் வாய்ப்பாகும்.

நம் நாட்டில் 1996 முதல் 'வெல் வுமன் கிளினிக்' என வழங்கும் மகளிர் நல நிலையங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள்தோறும் நடைபெற்று வருகின்றன. 35 வயதையும் 45 வயதையும் அடைந்த பெண்களை அங்கே பப் பரிசோதனைக்கு அழைக்கின்றனர். கட்டணம் இல்லை. வீட்டுக்கு வரும் குடும்பநல மாதுவிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். படுத்த நிலையிற் சிறு கருவியொன்றால் வழியை விரித்து, மெல்லிய தூரிகையாலோ மரத்தகட்டாலோ கலங்களை வழித்தெடுப்பர். சில நிமிட வேலை. சிறிது அசௌகரியம் இருக்கும்; கத்தி வைப்பதில்லை, மயக்க மருந்தும் இல்லை. மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துச் செல்லல் வேண்டும். மாற்றம் உண்டென்று அறிவித்தல் வந்தால் அது புற்றுநோய் என்று பொருளாகாது. மேற்கொண்டு உருப்பெருக்கிக் கருவியாற் பார்த்து, தேவையாயின் உருமாறிய சிறுபகுதியை உறைய வைத்தோ, சூடேற்றியோ, மின்கம்பி வளையத்தால் வெட்டியோ அகற்றிவிடுவர். கருப்பை தன்னிடத்திலேயே இருக்கும். பின்னர்ப் பிள்ளை பெறுவதற்கும் பொதுவாகத் தடையில்லை.

ஊசியைப் பற்றிய கேள்வி எஞ்சியுள்ளது. இவ்வூசிமருந்தில் வைரசு இல்லை. அதன் மேலோட்டைப் போன்று செய்த வெற்றுக்கூடு மாத்திரமே உள்ளது. உள்ளே மரபுப்பொருள் இல்லாததால் அதனால் தொற்று ஏற்பட இயலாது. உடல் அக்கூட்டைக் கண்டு எதிரியின் முகத்தை மனனஞ் செய்துகொள்கின்றது. ஏற்கெனவே புகுந்துவிட்ட கிருமியை இதனால் விரட்ட முடியாது. இதனாலேயே கிருமியைச் சந்திக்கும் வயதுக்கு நெடுநாள் முன்னரே போடப்படுகின்றது. சிறுவயதில் எதிர்ப்புச் சக்தி நன்கு வளர்வதும் மற்றொரு காரணம். பத்து வயதுப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டோருக்கு விடை இதுதான். பிள்ளையின் நடத்தைக்கும் இதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை. இலங்கையில் 2017 இல் ஆறாந் தர மாணவியருக்கு ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகளாக இத்திட்டம் தொடங்கியது. ஓர் ஊசியே போதுமான காப்பைத் தரும் என்று உலக சுகாதார தாபனம் 2022 இல் அறிவித்துள்ளது.

வதந்தி என்ன செய்யும் என்பதற்கு யப்பான் சான்று. 2013 இல், பின்விளைவுகள் பற்றிய செய்திகள் பத்திரிகைகளிற் பெரிதாய் அடிபட, அரசாங்கம் ஊசியைப் பரிந்துரைப்பதை நிறுத்தியது. எழுபது வீதமளவில் இருந்த ஊசி ஒரு வீதத்துக்கும் கீழே போயிற்று. ஆராய்ந்ததில் அக்குற்றச்சாட்டுக்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பரிந்துரை மீண்டும் தொடங்கியது 2022 இல். இடையிலே ஊசியின்றி வளர்ந்த பெண் பிள்ளைகள் எத்தனை ஆயிரம் பேர்! மறுபுறம் ஸ்கொத்லாந்தில் 2008 முதல் இவ்வூசியைப் போட்டு வருகின்றனர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் முழுமையாகப் பெற்றவர்களுள் ஒருவருக்கேனும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் காணப்படவில்லை என்று 2024 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

ஊசி போட்ட பெண்ணும் வயது வரும்போது பரிசோதனைக்குப் போகவே வேண்டும். எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஆறாந் தரத்திற் படிக்கும் பெண் பிள்ளையின் தாயார் பலருக்கு வயது முப்பத்தைந்தை அண்டியிருக்கும். மகளுக்கு ஊசி போடப்போவதாக அறிவித்தல் வரும் காலமும் தாய் கிளினிக்குக்குப் போகவேண்டிய காலமும் ஏறத்தாழ ஒன்றே. மகளை ஊசிக்கு அனுப்பும் அன்றே குடும்பநல மாதுவிடம் தமக்கும் ஒரு நாள் கேட்டு, நாட்காட்டியிற் குறித்துவைப்பார்களாக.